பதினான்காம் எண் பேருந்தும் ஜெகபர் சாதிக் அவர்களின் கையெழுத்தும்

குளுவாங் தென்னொளிப் பேருந்து நிறுவனத்தின் பட்டறையில் முப்பத்தோராண்டுகள் உழைத்து, தலைமை மெக்கானிக்காக இன்று ஓய்வு பெறும் எங்கள் பெருமதிப்பிற்குரிய ஜெகபர் சாதிக் அவர்களுக்கு, பட்டறைத் தோழர்கள் அனைவரும் எழுந்து நின்று, கறை போகாத கைகளைக் கூப்பி வாசித்தளிக்கும் மடல்.

பழுதறியும் பண்பாளரே!

காதால் கேட்டே கோளாறு கண்டவர் நீங்கள். கையால் தொட்டே காரணம் சொன்னவர் நீங்கள்! வளைவில் திரும்பும்போது மட்டும் முனகும் சக்கரத்தைப் பற்றி ஓட்டுநர் சொல்லி முடிப்பதற்குள், தேய்ந்தது எந்தப் பக்கத்துப் பேரிங் என்று சொல்லிவிடுவீர்கள். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்காக நாங்கள் வண்டிகளைக் கழுவத் தொடங்குமுன், "இருங்கப்பா, நான் ஒரு சுத்து வந்துர்றேன்" என்று சொல்லி, ஒவ்வொரு பின் சக்கரத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்ப்பீர்கள். கழுவிவிட்டால் எண்ணெய்க் கசிவின் தடம் போய்விடுமே என்பது உங்கள் கவலை. பூசை எங்களுடையது, அதற்கு முந்திய சுற்று உங்களுடையது. பிறகு எங்களோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவீர்கள்.

இப்படியே புகழ் பாடி, பொன்னாடை போர்த்தி, பிரியாணி பரிமாறி உங்களை அனுப்பிவைப்பது என்றுதான் முடிவாயிற்று. மடல் எழுதும் பொறுப்பைக் குணாளனாகிய என்னிடம் கொடுத்தார்கள். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். உங்கள் கோப்பில் ஆறாண்டுகளாக ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. அந்தக் குற்றம் உங்களுடையது அன்று. அதை அப்படியே விட்டுவிட்டு உங்களை வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை. ஆகவே மாலை விழுமுன் இதைக் கேளுங்கள் ஐயா. உங்கள் முகத்தைப் பார்த்து வாசிக்கும் துணிவு எனக்கில்லை; தாளைப் பார்த்தே வாசிக்கிறேன்.

ஆறாண்டுகளுக்கு முன்பு, அந்த வருட ஆயுத பூசை ஒரு வெள்ளிக்கிழமை. உங்கள் துணைவியார் ஜெய்னம்பு அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்ததால் நீங்கள் மாலையில்தான் வந்தீர்கள். அதற்குள் நாங்கள் வண்டிகளைக் கழுவிவிட்டோம். பதினான்காம் எண் பேருந்தின் வலது பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்திருந்ததைக் கழுவுமுன் நான் பார்த்தேன். மூன்று வாரம் முன்பு அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் கசியாமல் தடுக்கும் புதுச் சீல் போட்டவன் நானேதான். அந்த வேலையில் சிந்திய மிச்சம் என்று நினைத்தேன். பூசைக்கு நிற்கும் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று, டீசலில் துணியை நனைத்து நன்றாகத் துடைத்துவிட்டேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

நீங்கள் வந்ததும் கேட்டீர்கள்: "பின் சக்கரமெல்லாம் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு பாய். ஒரு கசிவும் இல்ல."

என்னை நம்பி, மறுநாள் வண்டி ஓடலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டீர்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பேருந்து மெர்சிங் படகுத்துறைக்குப் புறப்பட்டது. உள்ளே சுற்றுலா போகும் முப்பத்தெட்டுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி என் மகள் ஷர்மினி. அரை மணி கழித்து வந்த நீங்கள், வண்டி நின்ற இடத்தில் மூன்று கரிய சொட்டுகளைக் கண்டு குனிந்தீர்கள். தொட்டு முகர்ந்தீர்கள்.

"இது ஆக்சில் எண்ணெய். சீல் மாத்துனப்ப பேரிங்கக் கழட்டிப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. தேய்ந்த பேரிங்கை உள்ளே விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால், ஆடுகிற சக்கரம் புதுச் சீலையும் தின்றுவிடும். எண்ணெய் பிரேக்கில் இறங்கும். இது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் விட்டேன்.

ஓட்டுநர் செல்லப்பன் வண்டி ஓட்டும்போது தொலைபேசியைத் தொடமாட்டார். நல்ல பழக்கம், அன்று அதுவே என் உயிரை வாங்கியது. வேனை எடுத்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வழியெல்லாம் சாலையோரப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் காஹாங் ஊரில் பிள்ளைகள் பசியாற வண்டி நின்றிருக்கிறது. அந்தத் தாமதம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஊரைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்கு நடுவே பேருந்தைப் பிடித்து, முந்திச் சென்று, குறுக்கே வேனை நிறுத்தினீர்கள்.

சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோனவுடனே இழுத்துக்கொண்டீர்கள். அவ்வளவு சூடு. பிள்ளைகளை இறக்கி, சூடு தணிந்தபின் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினீர்கள். விழப்போகும் பல்லைப்போல் ஆடியது. ஆசிரியை மலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பதறினார்.

"அண்ணே, கடல் தண்ணி இறங்கிட்டா படகு போகாது. பிள்ளைங்க ஒரு வருசமா காத்திருக்குதுங்க."

தொலைபேசியில் முதலாளி: "மெதுவா ஓட்டிட்டுப் போகச் சொல்லு லா. இன்னும் அம்பது கிலோமீட்டர்தானே!"

"ஒரு அடி நகராது பாஸ். வேற வண்டி அனுப்புங்க."

அங்கேயே பிரேக் டிரம்மைக் கழற்றிக் காட்டினீர்கள். பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தது. பேரிங்கின் உருளைகள் வெந்து நீலம் பாய்ந்திருந்தன. செல்லப்பன் "அலமாக்" என்று அதிர்ந்துபோய்ச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். மலர் அதன்பின் படகைப் பற்றிப் பேசவில்லை. ஷர்மினி மட்டும் என்னிடம் வந்து, "அப்பா, உங்களாலதான் ட்ரிப் போச்சு" என்று அழுதாள். சுற்றுலா கெட்ட கோபத்தில் சொன்னது. அது எவ்வளவு உண்மையென்று அவளுக்குத் தெரியாது.

பொறுமையின் பேருருவே!

திங்களன்று விசாரணை. "கழுவுமுன் சக்கரத்தைப் பார்த்தது யார்?" என்று கேட்டார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. "தாள்ல கையெழுத்து என்னுது" என்றீர்கள். அவ்வளவுதான். உங்களுக்கு அருகில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. நான் துடைத்த கதை உங்களுக்கே தெரியாது; ஆனாலும் தெரிந்த அளவுக்கு என்னைச் சொல்லியிருக்கலாமே, சொல்லவில்லையே! எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கு வந்தது. ஜொகூர் பாருவில் திறந்த புதுப் பட்டறையின் பொறுப்பு உங்களுக்கென்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அது வேறொருவருக்குப் போனது. அடுத்த வாரமே நீங்கள் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தீர்கள். அதை எப்படிக் குடித்தேன் என்று இன்றும் விளங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது ஐயா.

இன்று காலை நடந்ததை நடந்தபடி எழுதி முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். உங்கள் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து என்னுடையதில் வைத்தார். என்னை என்ன செய்வதென்று திங்களன்று சொல்வார். போன பதவி திரும்பாது. பெயராவது பழுதின்றி உங்களோடு வீட்டுக்கு வரட்டும். இரண்டாம் வரிசையில் இருக்கும் என் மகளும் இதை இப்போதுதான் கேட்கிறாள். இந்த மடலின் சட்டமிட்ட பிரதியை அவள்தான் மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு, வருவாளோ என்னவோ. நீங்கள் அதைச் சுவரில் மாட்டினாலும், வேண்டாமென்று திருப்பித் தந்தாலும், இரண்டையும் தலைவணங்கி ஏற்பேன்.

நோயற்ற உடலும் நோகாத மனமும் உங்களுக்கு வாய்க்க! ஜெய்னம்பு அக்காவோடு நெடுங்காலம் நிறைவாய் வாழ்க! இனி வரும் ஆயுத பூசைகளில் உங்கள் சுற்று முடியாமல் ஒரு வாளித் தண்ணீரும் ஊற்ற மாட்டோம். ஆளனுப்பி உங்களை அழைத்து வருவோம்.

என்றும் அன்புடன்,
தென்னொளிப் பேருந்து நிறுவனப் பட்டறைத் தோழர்கள், குளுவாங்

சக்கரத்தைப் பார்த்ததும் துடைத்ததும் மறைத்ததும் குணாளன். இந்தத் தாளில் கையெழுத்து என்னுடையது.