எழுபத்தொரு அடி பைப்

ஸ்டேஷன் டீ நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். என் பெயர் வைத்தியலிங்கம். தச்சநல்லூரில் இருபத்தாறு வருஷமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கம் எந்த வீட்டு கேட்டுக்கும் நான் டேப் பிடித்து அளந்ததில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பேன், இத்தனை அடி கம்பி என்பேன், அத்தனைதான் ஆகும். உசாமா வருகிறவரை என் வாய்க்கணக்கை ஒருத்தரும் மறுத்துப் பேசியதில்லை.

அவன் துபாயில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். பழைய பியட் கார் ஒன்றை வாங்கி, கோயம்புத்தூர்ப் பந்தயத்தில் ஓட்டப்போகிறானாம். கார் உருண்டாலும் கூரை நசுங்கி ஆள் சாகாமலிருக்க, உள்ளே பைப்பில் ஒரு கூண்டு கட்ட வேண்டுமாம். உருளாமல் ஓட்டத் தெரிந்தவனுக்குக் கூண்டு எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கையால் நாலு சாண் போட்டுப் பார்த்து, அறுபத்திரண்டு அடி என்றேன்.

அவன் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தான். பைப் வளைந்து போகிற வழியெல்லாம் நூலை ஒட்டிப் பிடித்து, வெட்டி, தரையில் நீட்டி அளந்தான். ஜன்னல் கம்பிக்கு வந்த நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். எழுபத்தொரு அடி வந்தது.

“வளைவுக்குப் போற நீளத்தை விட்டுட்டியளே அண்ணாச்சி” என்றான். சிரிப்பு வேறு. அந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

அவன் சொன்னது சரிதான். அதுவா இங்கே பேச்சு? நேற்று முளைத்த பயல், என் பட்டறையில் வைத்து. அதோடு விட்டானா? சாமான் பட்டியலையும் அவனே எழுதினான். கால் ஊன்றும் தகடு எட்டு, போல்ட் முப்பத்திரண்டு, வெல்டிங் குச்சி எத்தனை பாக்கெட் என்பதுகூட. பைப் மட்டும் சிவப்பு வளையம் பார்த்து வாங்கச் சொன்னான். இருப்பதிலேயே கனமான பைப்புக்குச் சிவப்பு வளையம் பூசித்தான் அனுப்புவார்கள். இரும்பைப் பற்றி அந்த மேதைக்குத் தெரிந்தது அவ்வளவுதான், வளையத்தின் நிறம்.

அவன் கொடுத்த பணத்தில் வாங்கினேன். அந்த எழுபத்தொரு அடியும் இன்னும் என் கொட்டகையில் கிடக்கிறது, போய்ப் பாருங்கள். திருட்டுப் பட்டம் மட்டும் எனக்குக் கட்டாதீர்கள்.

கூண்டுக்கு எடுத்தது வேறு. ஏரல் பக்கம் ஒரு வாழைத்தோப்புக் கிணற்றில் பதினெட்டு வருஷம் தண்ணீர் இழுத்த பைப். வெளியே உப்புத்தாள் போட்டால் பளபளக்கும். உள்ளே துரு தின்று முட்டை ஓடு மாதிரி இருக்கும். தேய்த்து, ஆற்று மணல் நிரப்பி, பழுக்கக் காய்ச்சிப் பைய வளைத்தேன். ஒவ்வொன்றிலும் சிவப்பு வளையத்தை நானே பூசினேன். இதை ஒரு பரீட்சை என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தேன். இரும்பு தெரிந்தவன் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், சத்தமே சொல்லிவிடும். இவன் வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அருமை அண்ணாச்சி என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பரீட்சையில் யாராவது விடை சொல்லித் தருவார்களா?

காரை எடுத்துப் போன ஒன்பதாம் நாள் காலையில் அவன் அண்ணன் ஷேக் மைதீன் பைக்கில் வந்தார். வள்ளியூர் ரோட்டில் ஓட்டிப் பழகும்போது கார் உருண்டுவிட்டதாம். கூண்டு மடங்கித் தம்பியின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கிறது, உயிர் இருக்கிறது, எங்கே அறுக்க வேண்டும் என்று கட்டின உங்களுக்குத்தான் தெரியும் என்று அழுதார். பெட்ரோல் ஒழுகுகிறது என்றார். அதனால் கேஸ் கட்டரை விட்டுவிட்டு இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டேன். அந்த நிதானம் எனக்கு எப்போதும் உண்டு.

அங்கே போய்ச் சேர்ந்ததும் மைதீன் கூட்டத்தை விலக்கப் போனார். நான் ஜன்னல் வழியாகக் குனிந்தேன். அவன் கண் திறந்திருந்தது. சீக்கிரம் அறுக்கச் சொன்னான். ஒடிந்த பைப்பின் வாய் அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதைக் காட்டினேன்.

“இது என்ன பைப்புன்னு சொல்லுலே, அறுக்கேன்.”

அவன் அதையே பார்த்தான். மூச்சு இழுத்தது. மறுபடி கேட்டேன். எத்தனை நேரம் என்று கடிகாரம் பார்க்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

“பழசு... தெரிஞ்சேவா போட்டிய, அண்ணாச்சி?”

விடை சரி. உடனே ரம்பத்தை வைத்தேன். வெளியே தூக்கும்போது உயிர் இல்லை.

கால் மணி நேரம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் கணக்குச் சொல்கிறாராம். அவர் என்றைக்காவது பைப் அறுத்திருக்கிறாரா? துருப்பிடித்த பைப்பாக இருந்ததால் எண்ணி இருபது இழுப்பில் அறுந்தது. அவன் கேட்ட கனத்தில் போட்டிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும், ஐயா. அவனுக்கு நான் மிச்சப்படுத்திக் கொடுத்த அந்த நேரத்தையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.