லோரி ஏறினால் உடைய வேண்டிய பாலம்

ஜப்பான்காரன் ஆட்சிக் காலம். கரங்கான் கடைத்தெருவில் அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தேன். வரிசை நகர்வதாக இல்லை. பக்கத்துச் சாக்கடைமேல் ஒரு சிறுமியும் அவள் தம்பியும் மரவள்ளிக் குச்சிகளை ரப்பர் மரத்து ஒட்டுப்பால் இழையால் கட்டிப் பாலம் செய்திருந்தார்கள். அதன்மேல் சிறுமி ஒரு செங்கல்லை வைத்தாள். பாலம் அசையவில்லை.

"சே, உடையலையே!" என்றாள்.

"உடையாம இருந்தா நல்லதுதானேக்கா?"

"செங்கல்லுதான்டா லோரி. லோரி ஏறினா உடையணும். அந்த நடுக்குச்சிய எடு."

"எடுத்தா ஆளுங்க எப்படி வருவாங்க?"

"நடக்கிறவங்களுக்கு இது போதும்லா. ரப்பர்க் கொட்டைதான் ஆளு. உருட்டு, பாப்போம்."

செங்கல்லை இறக்கி நடுக்குச்சியை உருவினார்கள். கொட்டை உருண்டு அக்கரை சேர்ந்தது. செங்கல்லை மறுபடி வைத்ததும் பாலம் முறிந்து சாக்கடையில் விழுந்தது. இருவரும் குதித்துக் கைதட்டினார்கள்.

"நம்ம தோட்டத்து ஆத்துக்கும் இந்த மாதிரிதான்டா கட்டணும். சயாம்ல ரயில் ரோடு போட ஆள் பிடிக்க ஜப்பான்காரங்க லோரிலதானே வராங்க? அப்பாவ ஏத்திக்கிட்டுப் போனாங்கல்ல, இனிமே மாமாவ எப்படி ஏத்துறாங்கன்னு பாத்துடலாம்."

தம்பி குச்சிகளைப் பொறுக்கியபடி கேட்டான்: "அப்போ அப்பா லோரில திரும்பி வந்தா?"

அவள் சாக்கடையிலிருந்து செங்கல்லை எடுத்து அக்கரையில் வைத்தாள்.

"அக்கரையிலயே எறங்கி நடந்து வரச் சொல்லுவோம்."