காலி அறையின் ஒலி

பாட்டுப் பதிவு செய்யக் கம்ப்யூட்டரில் புது ப்ராஜெக்ட் திறந்ததும் முதல் வேலை, அதற்குப் பெயர் வைப்பது. முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை. கம்ப்யூட்டர் தானாகக் கொடுக்கிற பெயரிலேயே பாட்டை எடுத்துவிட்டு, பிறகு எங்கே வைத்தோம் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நான் அப்படி இல்லை. அதனால்தான் உங்கள் போலீஸ் ஆபீசர் ‘வான்மதி’ என்ற பெயரில் அத்தனை ப்ராஜெக்ட்டுகளைப் பார்த்திருக்கிறார். எல்லாமே காலியாக இருக்கிறதே, ஏன் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். சொல்கிறேன்.

எனக்கு ஆங்கிலம் தெரியும், குமுதினி மேடம். அமெரிக்கா வந்து, இந்த மில்பிடாஸில் இத்தனை வருடம் ஆங்கிலத்தில்தான் குப்பை கொட்டியிருக்கிறேன். ஆனால் என் கம்ப்யூட்டரில் கிடைத்த பதிவுகளில் இருப்பது தமிழ். அதைக் கேட்டு மொழிபெயர்க்கத்தானே உங்களை வரவழைத்திருக்கிறார்கள். நானும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் யாழ்ப்பாணம் போலிருக்கிறது. எங்கள் கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சு எங்காவது புரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள்.

வான்மதி என் மனைவி. அப்படியொரு குரல் அவளுக்கு. ஃப்ரீமான்ட்டில் எந்த வீட்டு வளைகாப்பானாலும் சாப்பாட்டுக்கு முன்னால் அவளைத்தான் பாடச் சொல்வார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் தாலாட்டு பாடினால் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதை ஒரு சிடியாகப் போட வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்கும் ஆசைதான், கேட்டால் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

எங்கள் அபார்ட்மென்டில் துணி வைக்கிற அறை ஒன்று உண்டு. ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். சுவரெல்லாம் குளிருக்குப் போர்த்துகிற தடித்த கம்ஃபர்ட்டர்களை அடித்து, கதவின் இடுக்குகளை ரப்பரால் அடைத்து, என் கையாலேயே அதை ஸ்டூடியோ ஆக்கினேன். அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அதனால் வெளியே ஒரு தாழ்ப்பாள். உள்ளே மைக், வெளியே ஹாலில் என் கம்ப்யூட்டர். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு சத்தம் வராது. வேண்டுமானால் ஆபீசர் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும்.

பெயர் வைத்த பிறகு அடுத்த வேலை, காலி அறையின் ஒலியை எடுப்பது. ஒவ்வோர் அறையின் அமைதியும் வேறு வேறு. பாட்டில் ஒரு தும்மலையோ இருமலையோ வெட்டினால் அந்த இடத்தை வெறுமனே விடக்கூடாது, காது கண்டுபிடித்துவிடும். அந்த அறையின் அமைதியையே எடுத்து ஒட்ட வேண்டும். வான்மதிக்கு நான் நிறைய ஒட்ட வேண்டியிருந்தது. இங்கே மரங்கள் பூக்கத் தொடங்கினால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் விசில் மாதிரி ஒரு மூச்சு. நானும் சளைக்காமல் ஒவ்வொன்றாக வெட்டுவேன். கேட்டால் அவளே அசந்துபோவாள்.

“இது நானில்லீங்க. நான் இப்படியா மூச்சே உடாமப் பாடறேன்?” என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒய்டூகே அமளியெல்லாம் ஓய்ந்த பிறகு வந்த மார்ச் மாதம் அது. ஒரு சனிக்கிழமை மத்தியானம். கடைசிப் பாட்டு. பாதியில் பாதியில் நிறுத்தி, அந்த இன்ஹேலரை அடித்துக்கொண்டே இருந்தாள். அதன் ‘உஸ்’ வேறு மைக்கில் விழுகிறது. நான் அதை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். “ஒரே ஒரு தடவை ஒழுங்காப் பாடு, உடனே தர்றேன்” என்றேன். மிரட்டவில்லை, மேடம். குழந்தைக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பாட்டு முடிந்திருக்க வேண்டிய நேரத்தில் திறந்தபோது கம்ஃபர்ட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறார் ஆபீசர். கூப்பிட்டு என்ன செய்ய? அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளை எங்கே வைத்தேன் என்பதை நேற்றே சொல்லிவிட்டேன், உங்கள் ஆட்களும் போய்ப் பார்த்துவிட்டார்கள். அதை மறுபடி கிளற வேண்டாம்.

இங்கே இருப்பவர்களிடம் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். ஊரில் இருப்பவர்களிடம் அப்படிச் சொல்ல முடியாதே. அவள் அம்மா ராமாத்தாள் அத்தைக்கு ஒவ்வொரு வாரமும் மகள் குரல் காதில் விழ வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது. அந்த மனுஷியைத் தவிக்கவிட எனக்கு மனசில்லை. இதை நான் எனக்காகச் செய்யவில்லை, நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைச் சோதித்துப் பார்க்க, வான்மதி ஊருக்குப் பேசும் போன்களையெல்லாம் முன்பே பதிவு செய்து வைத்திருந்தேன். நீங்களும் ஊருக்குப் பேசுகிறவர்தானே மேடம், உங்களுக்குத் தெரியாததா? எந்த வாரமானாலும் அதே பேச்சுதான்.

“அம்மிணி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்மா.”

“அங்க குளுருதா?”

“குளுருதும்மா.”

“மாப்ள நல்லாருக்காரா?”

“நல்லாருக்காரும்மா.”

“விசேஷம் ஏதாச்சும் உண்டா கண்ணு?”

“இல்லம்மா.”

அவ்வளவுதான். காலிங் கார்டில் நிமிஷம் கரைகிறது என்று அத்தையே வைத்துவிடுவார். ஒவ்வொரு பதிலையும் கீபோர்டில் ஒவ்வொரு பட்டனில் வைத்தேன். அத்தை கேட்டதும் பட்டனைத் தட்டுவேன். லைனில் எப்போதுமே ஒரு தாமதம் இருக்கும், அது எனக்கு வசதியாகப் போயிற்று. எல்லாவற்றிலும் மூச்சைச் சுத்தமாக வெட்டியிருந்தேன்.

அங்கேதான் அத்தை என்னைப் பிடித்துவிட்டார். ஏப்ரலில் ஒரு நாள், “ஏங் கண்ணு, இந்த மாசத்துல உனக்கு இழுக்குமே. ஒரு மூச்சு வாங்காமப் பேசறியே?” என்றார். நான் “நல்லாருக்காரும்மா” பட்டனைத் தட்டிவிட்டேன். கை தவறிவிட்டது.

அடுத்த வாரம் போன் செய்தபோது அத்தை சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. “அப்பா போயிட்டாரு அம்மிணி” என்றார். “நேத்து வெடியக்கால போயிட்டாரு.”

என்னிடம் அவள் அழுகை இல்லை. போனை வைத்த பிறகு பாத்ரூமில் போய்த்தான் அழுவாள், அங்கே நான் மைக் வைக்கவில்லை. வேறு வழியில்லாமல் “சரிம்மா” பட்டனைத் தட்டினேன்.

அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறியது. பிறகு மாமாவின் குரல் வந்தது. சுப்பையன் மாமா, வான்மதியின் அப்பா.

“மாப்ள, நான் இங்கதான் இருக்கேன். எம்புள்ள எங்க?”

சன்னிவேலில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு மாமா போன் போட்டதும், அந்தச் சொந்தக்காரர் உங்களிடம் வந்ததும் உங்களுக்கே தெரியும்.

அந்தக் காலி ப்ராஜெக்ட்டுகளுக்கு வருகிறேன். மார்ச்சிலிருந்து தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் புதிதாக ஒன்று திறப்பேன். பெயர் வைப்பேன். அந்த அறைக்குள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி, காலி அறையின் ஒலியை எடுப்பேன். போட்டுக் கேட்டால் அதில் மூச்சு இருக்கிறது. விசில் மாதிரி. மைக்கை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். அப்போதும் இருந்தது. எடுத்த ஒலியை மட்டும் அழித்துவிட்டு மறுநாள் வேறொன்று திறந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, மேடம். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நிறுத்தவும் முடியவில்லை. ஒரு நாள் எடுக்காவிட்டால் அவளைத் தனியாக விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

ஒரே ஒரு ப்ராஜெக்ட் மட்டும் காலி இல்லை. முதலாவது, அந்தச் சனிக்கிழமை எடுத்தது. அதை இன்னும் கேட்கவில்லையா? கேளுங்கள். தாலாட்டின் இரண்டாவது வரியில் நின்றுபோகிறாள். “என்னங்க, தொறங்க” என்கிறாள். கதவைத் தட்டுகிறாள். பிறகு மருந்தைக் கேட்கிறாள். பிறகு அம்மாவைக் கூப்பிடுகிறாள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள், மேடம்? உட்காருங்கள். இதையும் ஆபீசரிடம் சொல்லிவிடுங்கள். வெளியே ஒரு சத்தம் வராது என்று சொன்னேனே, அது பொய்யில்லை. கதவு வழியாக எதுவும் வரவில்லை. நான் ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்.

அவள் குரல் இறங்க இறங்க, நான் ஒலியளவை ஏற்றிக்கொண்டே வந்தேன். கடைசி மூச்சு வரைக்கும் தெளிவாக விழுந்திருக்கிறது, ஓரிடத்தில்கூட நான் வெட்டவில்லை. புருஷன் அவளைக் கவனிக்கவில்லை என்று மட்டும் யாரும் என்னைச் சொல்ல முடியாது.