வேனுக்கு முன்னால் கட்டிய மாதா படம்

“மச்சான், உன் இன்ஜினைச் சூடாக்குறதே மாதாதான்.”

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பேருந்தில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக் தன் நண்பரிடம் சொன்னார். நடக்க முடியாத அம்மாவுக்காக அந்த நண்பர் டீசல் வேனில் கட்டிலும் அடுப்பும் வைத்து அதை வீடாகவே ஆக்கியிருக்கிறார். நாளை வேளாங்கண்ணிப் பயணம் என்று பேச்சில் தெரிந்தது.

“இன்னா பேசுற? தண்ணி, ஃபேன் எல்லாம் சரியா கீது. நின்னா சூடாவல, ஓடினாதான் ஏறுது.”

“அதான் சொல்றேன். ரேடியேட்டருக்கு முன்னாடி மாதா பேனரை இழுத்துக் கட்டி வெச்சிகீற. காத்து எப்டி உள்ள போவும்?”

“அவுத்தா அம்மா வண்டியிலயே ஏறாது, மாமே.”

“உள்ள கூரையில கட்டு. மல்லாக்க படுத்துகினுதானே வரும்? கண்ணு முழிச்சா மாதாதான்.”

நண்பர் உடனே போனை எடுத்தார்.

“அம்மா, மாதா உன்கூட உள்ளயே வராங்களாம்.”