களிமண்ணு யாரோடது

இல்லீங்க காஜியாரே, குரலத் தாழ்த்த மாட்டேன். என்னத் தலாக் சொன்ன இந்த மனுஷன் பேசுனப்ப ரேய் பட்டணத்துக்கே கேட்டுச்சு, நீங்க ஒண்ணும் சொல்லலியே.

புள்ளைக்குத் தகப்பன்தான் காரணம், தாய் வெறும் களிமண்ணுன்னாரு. பானை குயவனுக்குச் சொந்தமா மண்ணுக்குச் சொந்தமான்னு கேட்டாரு. நீங்களும் தாடியத் தடவிக்கிட்டே தலைய ஆட்டுனீங்க. பாத்தேன்.

எனக்கும் கொஞ்சம் தெரியுங்க. இந்த ரூஸ்பேவுக்கு வாக்கப்பட்டிருந்தப்ப, திரைக்கு இந்தப் பக்கம் மாவு பிசைஞ்சுக்கிட்டே இவரு நடத்துன பாடமெல்லாம் கேட்டிருக்கேன். கொத்தனாரு சுவர எழுப்பிட்டுப் போயிடுறான், செத்தும் போறான், சுவரு நிக்குது. அப்ப அவன் கல்ல அடுக்குனதுக்குத்தான் காரணம், அது நிக்கிறதுக்கு இல்ல. ஒண்ணு இருக்கிறதுக்குக் காரணம் எதுவோ, அது கூடவே இருக்கணும், வெளிச்சத்துக்கு விளக்கு மாதிரி. இவரு சொன்னதுதான், கேட்டுப் பாருங்க.

பாருங்க, தலைப்பாகையச் சரிபண்றாரு.

நான் ஆறு மாசப் புள்ளத்தாச்சியா இருக்கறப்ப புகாராவுக்கு மேல்படிப்புப் படிக்கப் போனாரு. அங்கிருந்தே தலாக் கடுதாசி வந்துச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு இப்ப வந்து, எம்புள்ளையக் குடுங்குறாரு. புள்ள மிஹ்ரானுக்கு அம்மை போட்டு, பதினோரு நாளு கண்ணு தொறக்காமக் கெடந்தப்ப இந்த விளக்கு எங்க எரிஞ்சுக்கிட்டிருந்துச்சாம்?

சட்டம் தெரியுங்க. தலாக்குக்கு அப்புறம் கொத்தனாரு கூஹ்யாரக் கட்டிக்கிட்டேன், மறுகல்யாணம் பண்ணதால புள்ளைய வச்சுக்கிற தாய்க்குள்ள உரிமை போச்சு. அதத்தான எழுதப் போறீங்க? பேனாவக் கொஞ்சம் கீழ வைங்க.

கண்டெடுத்த புள்ளைய யாரு வச்சுக்கணும்? எடுத்தவங்கதான? போன வாரம் ஒரு துணி வியாபாரிக்கு நீங்களே அப்படித்தான் தீர்ப்புச் சொன்னீங்க, வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் போனேன்.

இவரு புள்ள பொறந்த ஏழாம் நாளே செத்துப் போயிட்டான், காஜியாரே. குளிப்பாட்டி அடக்குன மருத்துவச்சி மாஹஸ்தி வெளிய நிக்கிறா. மறுநாள் விடியக்காலையில பள்ளிவாசல் படியில ஒரு துணிப்பொட்டலம் அழுதுச்சு. நான் தூக்குனதப் பாத்த, பாங்கு சொல்ற மோதினாரும் வெளியதான் நிக்கிறாரு. எனக்குப் பால் கட்டி வலி, அதுக்குப் பசி. வேற என்ன யோசிக்கச் சொல்றீங்க?

ஆமாங்க, அஞ்சு வருஷம் மறைச்சேன். தெருவுல எடுத்ததுன்னு யாரும் அவன ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னு மறைச்சேன். அதுக்கு என்ன தண்டனையோ தனியாச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்.

அவரு வனைஞ்ச பானையும் இல்ல, என் மண்ணும் இல்ல. நான் கூட இருந்தேன், அவ்வளவுதான்.

சீக்கிரம் எழுதுங்க. மிஹ்ரான் வெளிய நிக்கிறான், அவனுக்குப் பசிக்கிற நேரம்.