மூணாவது வகை

— பட்டன் இல்லேன்னா ஒரு பட்டனச் சேத்துட்டுப் போம்மா தமிழ்வாணி. இதுக்குப் போயி காலங்காத்தால என் ரூமுக்கு வந்து மல்லுக்கு நிக்கிற.

— பட்டன நேத்தே சேத்துட்டேன் துளசிராம் சார். எட்டு மாசமா இல்லாம இருந்துச்சே, அதுக்கு என்ன செய்யப் போறீங்கன்னு கேக்குறேன்.

— இங்க பாரு, மொதல்ல எனக்குப் புரியட்டும். மேலூர்ல குவாரி ஆளுங்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்குற வண்டி. அதுல பேரு பதியிற டேப்லெட் ஆப் நாம செஞ்சு குடுத்தது. சரியா?

— சரி சார். ஆளுகள மூணு வகையா வச்சிருந்தோம். பர்மனென்ட்டுன்னா கார்டு நம்பர். கான்ட்ராக்ட்டுன்னா கான்ட்ராக்டர் பேரு. மூணாவது தினக்கூலி. அவுகளுக்கு நம்பரும் இல்ல, கான்ட்ராக்டரும் இல்ல.

— சர்வர்ல, நாம ஹாஸ்கெல்ல எழுதுன புரோகிராம்ல, மூணும் இருக்குல்ல?

— இருக்கு. அதப் பாத்து, என்னென்ன வகை காட்டணும்னு டேப்லெட்டுக்குத் தானா ஸ்கீமா எழுதிக் குடுக்குதே நம்ம ஜெனரேட்டர் புரோகிராம், அது மூணாவத முழுங்கிருச்சு. உள்ள நிரப்ப ஒண்ணுமில்லாத வகைய அது கண்டுக்கவே இல்ல. டேப்லெட்ல ரெண்டே பட்டன்.

— கையால எழுதுனாத்தான் தப்பு வரும், மெஷின் எழுதுனா வராதுன்னு நாம எவ்வளவு பெருமையாச் சொன்னோம்! ஒரு வகை விட்டுப்போனா, கோடச் சரிபாக்குற கம்பைலர் கத்தணுமேம்மா?

— கத்தும். கத்தக்கூடாதுன்னுதான் ஜெனரேட்டர் கோடுல கடைசில ஒரு வரி போட்டிருக்கு. 'மத்தது எது வந்தாலும் விட்டுரு'ன்னு.

— அடப்பாவி. எவன் பாத்த வேலை அது?

— எம்புட்டுப் பேரு திரும்பிப் போனாகன்னு கூடத் தெரியாது சார். பதிஞ்சாத்தான தெரியும்? 'உங்களுக்கு இதுல இடம் இல்ல'ன்னு சொல்லி அனுப்பியிருக்காக. அவுகளும் சரிங்கய்யான்னு போயிருக்காக.

— சரி விடு. இனிமே வர்றவங்களுக்கு எடுப்பாங்கல்ல?

— வண்டி மேலூர முடிச்சிட்டுப் போயிருச்சு. தப்பு எங்க மேலன்னு நீங்க மெயில் போட்டாத்தான் திரும்ப வரும்.

— மெயில் போட்டா இந்த வேலையே நம்ம கைய விட்டுப் போயிரும். இங்க பாரு, பதினாலு குடும்பம் இந்த ஆபீஸ நம்பி இருக்கு.

— அவுகளுக்குக் குடும்பம் இல்லையா சார்?

— நீ இப்படிக் குரல ஒசத்தி நான் பாத்ததே இல்லையே. என்னம்மா ஆச்சு உனக்கு?

— எங்கம்மா ரெண்டு தடவ அந்த வரிசையில நின்னுச்சு. ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டாக.

— உங்கம்மா இன்னுமா குவாரிக்குப் போறாங்க?

— வேணாம்னா கேக்காது சார். இருமல் நிக்கலன்னு போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நெஞ்சுல ரெண்டு பக்கமும் கல்லுத்தூசியாம். ஆறு மாசம் முந்தித் தெரிஞ்சு வேலைய நிறுத்தியிருந்தா இம்புட்டு முத்தியிருக்காதுன்னாரு டாக்டர். ஏம்மா வண்டியில எடுக்கலன்னு கேட்டேன். 'அது நம்மளுக்கு இல்லையாம்டி'ன்னுச்சு. அம்புட்டுத்தேன். ஒரு கோவம் கூட இல்ல சார் அதுக்கு. எனக்குத்தேன் வயிறு எரியுது.

— உக்காரும்மா. மொதல்ல உக்காரு. சரி, மெயில் போடுவோம். ஆனா ஆபீஸ் தப்புன்னு போட மாட்டேன். அந்த ஜெனரேட்டர் கார்த்திகேஷ் செஞ்சதுதான? அவன் ஒருத்தன் பண்ண தப்பு, ஆள நிறுத்திட்டோம்னு போடுறேன். வண்டியும் வரும், நமக்கும் பாதகம் இல்ல.

— அவரு உங்க அக்கா மகன் சார்.

— அதனாலதாம்மா சொல்றேன். கனடா போயி ஆறு மாசமாச்சு, இதுல அவனுக்கு என்ன கொறஞ்சு போகுது? அக்காவ நான் பாத்துக்கறேன். இரு, அடிக்கிறேன்... இந்தா, கேளு. 'இத்தவறு முழுவதும் எங்கள் முன்னாள் ஊழியர் கார்த்திகேஷ் செய்தது. விடுபட்டவர்களுக்கு மீண்டும் முகாம் நடத்தக் கேட்டுக்கொள்கிறோம்.' அனுப்பிரவா?

— கொஞ்சம் இருங்க சார்.

— இன்னும் என்னம்மா? வண்டி வரணும்ன. வரப்போகுது.

— வரணும் சார். கண்டிப்பா வரணும்.

— பெறகு ஏன் கையப் பிசையிற?

— அவரு பேர எடுத்துட்டு எம் பேரப் போட்டு அனுப்புங்க. டெமோவுக்கு மொத நாளு, கம்பைலர் கத்துதேன்னு அந்தக் கடைசி வரிய எழுதுனது நாந்தேன் சார். எழுதுறப்ப எங்கம்மா அந்தக் குவாரியிலதேன் கல்லு சொமந்துக்கிட்டு இருந்துச்சு.