மூடிய கை உயர்ந்தால் நிறுத்து

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சிப் பெரியோர்களே, பயிற்சி மையத்தின் நிர்வாகக் குழுவினரே, செந்துறையிலிருந்தும் அரியலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து கலங்கி நிற்கும் தாய்மார்களே, என் மாணவச் செல்வங்களே! உதவிப் பயிற்றுநர் குழந்தைவேல் உங்களை வணங்குகிறேன்.

நம் தலைமைப் பயிற்றுநர் அமிர்தலிங்கம் ஐயா போய்விட்டார்! பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, நெஞ்சுவலியில் போய்விட்டார்.

சுண்ணாம்புக்கல்லுக்காக நம் நிலமெல்லாம் குழியானபோது, கைக்கு வந்த பணத்தை என்ன செய்தோம்? மாடி கட்டினோம். பைக் வாங்கினோம். பட்டம் வாங்கிவரப் பிள்ளைகளை அனுப்பினோம். பட்டத்தோடு வந்து வீட்டில் உட்கார்ந்தார்கள். ஐயாதான் வாசல் வாசலாக வந்தார். "நெலத்த ஒரு தடவதாங்க விக்க முடியும். தொழில் தெரிஞ்ச கைக்குத் தெனமும் கூலி உண்டு. அந்தப் பணத்துல கொஞ்சம் புள்ளைங்க கையில போடுங்க" என்றார். அப்படிப் பிறந்ததல்லவா இந்தப் பொக்லைன் பயிற்சி மையம்!

அவர் கத்தமாட்டார். என்ஜின் சத்தத்தில் கத்தி என்ன பயன்? எதிரே நின்று மூடிய கையை உயர்த்துவார். முதலில் நிறுத்து, காரணத்தைப் பிறகு கேள். அதுதான் அவர் பாடம்.

அவரை அடக்கம் செய்த அடுத்த வாரம், குழி ஓரத்து மைதானத்தில் அவர் நிற்கும் இடத்தில் நான் நின்றேன். வா, வா என்று கைகாட்டினேன். வண்டி ஓட்டிய அபிநயா சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா நிறுத்துன?"

"சார் கை தூக்குனாருங்க."

"நான் எங்கம்மா தூக்குனேன்?"

"நீங்க இல்லீங்க. உங்க பின்னாடி நின்னாரே, பெரிய சாரு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, எனக்கும் வண்டிக்கும் நடுவிலிருந்த தரை அப்படியே குழிக்குள் சரிந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. பயந்தேன், மறைக்கவில்லை.

அவள் அம்மா அம்மாக்கண்ணு அன்றே வந்துவிட்டார். "செத்தவரு கை காட்டுற எடத்துக்கு எம்பொண்ண அனுப்பமாட்டேங்க." மற்ற பெற்றோரும் அதையே சொன்னார்கள். மையத்தை மூடும் தீர்மானத்தை நிர்வாகக் குழு என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறது. வாசிக்கிறேன். "இம்மையம் இன்றுமுதல்..."

என்ன இது! பிள்ளைகளே, ஏன் எல்லோரும் எழுந்து அசையாமல் நிற்கிறீர்கள்? அபிநயா, யாரைப் பார்க்கிறாய்? ஐயாவின் படம் வலப்பக்கம் அல்லவா இருக்கிறது? நீ பார்ப்பது எனக்கு நேர் பின்னால்!

நான் திரும்பமாட்டேன். காரணமும் கேட்கமாட்டேன். நிறுத்திவிட்டேன், ஐயா! தாளை மடித்துவிட்டேன்.

அம்மாக்கண்ணு அம்மா, மகளை அனுப்பி வையுங்கள். நாளைக் காலை பயிற்சி உண்டு. அவருக்கு இடம் விட்டு, நான் ஓரமாக நின்றுகொள்கிறேன்.